காவலும் களவும்

தமிழ் நூலோர் நிலத்தை வகைப்படுத்தியபோது பாலைக்கென்று தனியே ஒரு மண்ணைக் காட்டவில்லை. முல்லையும் குறிஞ்சியும் மழை பொய்த்துத் தம் இயல்பு கெடும்போது, அவையே பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். அந்தப் பாலை நிலத்து மக்களுக்கு ஆறலைத்தலும் சூறையாடுதலும் தொழில் என்று இலக்கண நூலோர் வகுத்தனர். ஆறலைத்தல் என்பது வழிப்பறி. இவ்விரு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். களவு பிறப்போடு வருவது என்று அவர்கள் கருதவில்லை. நிலம் கெட்டபோது வாழ்வு கெட்டது, வாழ்வு கெட்டபோது களவு புகுந்தது என்று கருதினர். எயினர், மறவர் என்ற பெயர்கள் அங்கும் உண்டு. ஆயினும் முதலில் சொல்லப்பட்டது நிலம். பெயர் அதன்பின் வந்தது.

பல நூற்றாண்டுகளுக்குப் பின், ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்ட ஒரு சட்டம் இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பியது. இன்ன குலத்தில் பிறந்தவன், ஆகையால் இவன் குற்றவாளி என்றது. அந்தச் சட்டம் பாய்ந்த பகுதிகளில் ஒன்று அருப்புக்கோட்டை, திருச்சுழி, கமுதி, முதுகுளத்தூர் என்று தொடரும் வானம் பார்த்த சீமை. வறுமைக்கும் குற்றத்துக்கும் உள்ள உறவு யாது, அந்த உறவை ஆட்சியாளர் எவ்வாறு புரிந்துகொண்டனர் என்ற கேள்விகளை இந்தச் சீமையை வைத்தே ஆராயலாம்.

இப்பக்கத்தைப் பார்த்திராத நேயர்களுக்குச் சில சொற்கள். இங்கே ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். கணக்கில் இது அற்பம் அன்று. இதனினும் குறைந்த மழையில் செழிக்கும் நாடுகள் உலகில் உண்டு. ஆனால் இங்கே பெய்வதில் பாதியளவோ அதற்கு மேலோ ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சில நாட்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்த நீரைப் பிடித்து வைக்கவே நம் முன்னோர் கண்மாய்களைச் சங்கிலிபோல் ஒன்றன் கீழ் ஒன்றாக வெட்டினர். திருச்சுழி வழியாகச் செல்லும் குண்டாறும் மழைக்காலத்தில்தான் ஆறு. மற்ற மாதங்களில் மணற்பாதை. கரிசலில் பருத்தி, கம்பு, சோளம், குதிரைவாலி, மல்லி, மிளகாய் விளையும். கண்மாய் நிறைந்தால் கொஞ்சம் நெல். கண்மாய் நிறையாத ஆண்டில் மதுரைக்கும், அதற்கு அப்பால் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கூலியாகப் போனவர்கள் ஏராளம். கடல் கடந்து சென்ற தமிழ்க் கூலிகளில் இராமநாதபுரம் சீமையார் பெருந்தொகையினர். அருப்புக்கோட்டை நகரம் மட்டும் நெசவையும் பருத்தி வியாபாரத்தையும் துணையாகக் கொண்டு ஓரளவு தனித்து நின்றது.

இந்தச் சீமையில் களவைப் பற்றிப் பேசுவதற்கு முன் காவலைப் பற்றிப் பேச வேண்டும். பாளையக்காரர் காலத்தில் ஒவ்வோர் ஊருக்கும் காவற்காரர் இருந்தனர். பயிர், கால்நடை, வீடு, வழிச்செல்வோர் பொருள் ஆகியவற்றைக் காப்பது அவர்கள் பொறுப்பு. அறுவடைக் களத்தில் அவர்களுக்கென்று தவசம் அளந்து கொடுக்கப்படும். இதனினும் முக்கியமானது மற்றொன்று உண்டு. காவலில் உள்ள பொருள் களவு போனால், காவற்காரன் அதைக் கண்டுபிடித்துத் தர வேண்டும். இல்லாவிட்டால் அதன் விலையைத் தர வேண்டும். இன்றைய நாளில் நாம் காப்பீடு என்று சொல்கிறோமே, ஏறக்குறைய அதனையொத்த ஏற்பாடு. காவல் உரிமை தந்தையிடமிருந்து மகனுக்கு வரும். நிலம்போல் பங்கு போடப்படும். மழையை நம்பிய நிலத்தில் அதுவே அந்தக் குடும்பங்களின் நிலையான வருவாய்.

1801ஆம் ஆண்டு பாளையக்காரர் போர் முடிந்தபின் கும்பினியார் ஆயுதங்களைப் பறித்தனர். காவல் உரிமையையும் தம் வசமாக்கிக்கொள்ள முற்பட்டனர். 1803இல் இராமநாதபுரம் ஜமீன் முறை நிலைநாட்டப்பட்டது. 1816இல் கிராமப் போலீஸ் பற்றிய விதிகள் வந்தன. 1859இல் சென்னை மாகாணத்துக்கென்று போலீஸ் படை சட்டப்படி அமைக்கப்பட்டது. காகிதத்தில் பார்த்தால் இவை யாவும் சீர்திருத்தங்கள். ஆனால் தவசம் அளந்து வாங்கியவன் இனி எதைக்கொண்டு உண்பான் என்ற கேள்வியை யாரும் போதிய அளவு கேட்கவில்லை. சிலருக்குத் தலையாரி வேலை கிடைத்தது. பலருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

அதன்பின் நடந்ததை ஊகிப்பது கடினமன்று. காவல் முறை மறையவில்லை, மறைவாக நடந்தது. மாட்டை ஓட்டிச் செல்வது, பிறகு இடைத்தரகர் ஒருவர் வந்து, இன்ன தொகை கொடுத்தால் மாடு இன்ன இடத்தில் கிடைக்கும் என்று சொல்வது என்ற வழக்கம் தோன்றியது. அந்தத் தொகைக்குத் துப்புக்கூலி என்று பெயர். முன்னே காவற்கூலியாக அளந்தது பின்னே துப்புக்கூலியாக வாங்கப்பட்டது. இதனால் துன்பப்பட்டவர்கள் பெரிய மிராசுதார்கள் மட்டும் அல்லர். ஓர் ஏர் மாடு வைத்திருந்த ஏழைக் குடியானவனுக்கு அது போனால் அந்த ஆண்டு உழவே போயிற்று. 1896இல் திண்டுக்கல் பக்கத்தில் குடியானவர்கள் ஒன்று கூடிப் பணம் திரட்டி, காவற்காரரை ஊரை விட்டுத் துரத்தியதும், வீடுகள் தீக்கிரையானதும் இதன் விளைவுகள். களவால் நொந்தவனின் வேதனையை மறைத்து, களவாடியவனின் வறுமையை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

இனி, வறுமை என்பதைப் பொதுவாகச் சொல்லாமல் விலைவாசி கொண்டு பார்க்கலாம். 1876 முதல் 1878 வரை நீடித்த பஞ்சத்தை நம் மக்கள் தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் நினைவுகூர்கின்றனர். சென்னை மாகாணத்தில் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போது நிவாரண வேலைக்கு வந்த ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் விதித்தார். சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதனால் உயிர் தரிக்க முடியாது என்று வாதாடினார். அந்த ஆண்டுகளில் களவும் கொள்ளையும் பன்மடங்கு பெருகின. சிறைகள் நிரம்பி வழிந்தன. வெளியே இருந்தால் பட்டினி, உள்ளே போனால் ஒரு வேளைக் கஞ்சி என்றால், சிறை யாருக்கு அச்சம் தரும்? மீண்டும் 1918 செப்டம்பரில், உலகப் போரின் இறுதியில், அரிசி விலையும் துணி விலையும் ஏறியபோது மாகாணத்தின் பல ஊர்களில் தானியக் கடைகள் சூறையாடப்பட்டன. பல இடங்களில் கூட்டத்தார் முதலில் கேட்டது நியாய விலைக்கு விற்கும்படியே. வணிகர் மறுத்த பிறகே கை வைத்தனர்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஜெர்மனியின் பவேரியாவில் கியோர்க் ஃபான் மாயர் என்னும் புள்ளியியலார் 1867இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ரை என்னும் தானியமே அங்கு ஏழைகளின் உணவு. அதன் விலை ஏறிய ஆண்டுகளில் திருட்டும் ஏறியது, இறங்கிய ஆண்டுகளில் திருட்டும் இறங்கியது என்று அவர் காட்டினார். அதே புள்ளிகளை நம் காலத்துப் பொருளியலார் மறுபடி ஆராய்ந்து 2006இல் வேறொன்றும் கண்டனர். விலை ஏறியபோது திருட்டு கூடியது உண்மை. ஆனால் அடிதடியும் வன்செயலும் குறைந்தன. காரணம், தானிய விலையோடு பீர் விலையும் ஏறிவிட்டது! பசி ஒருவகைக் குற்றத்தை வளர்க்கிறது; எல்லாக் குற்றத்தையும் அன்று. இதைப் பின்னால் நாம் மறுபடி நினைக்க வேண்டியிருக்கும்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். குற்றப் பரம்பரையினர் சட்டம் 1871இல் வட இந்தியாவுக்காக இயற்றப்பட்டது. 1911இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1924இல் மீண்டும் தொகுக்கப்பட்டது. மதுரைக்கருகே கீழக்குயில்குடியில் 1914இல் தொடங்கி, பிரமலைக் கள்ளர் மீது படிப்படியாக விரிந்தது. பின்னர் இராமநாதபுரம் சீமையில் அப்பநாட்டுக் கொண்டையங்கோட்டை மறவர் மீதும் பாய்ந்தது. மக்கள் அதற்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். பதிவு செய்யப்பட்டவன் பத்து விரல் ரேகையையும் போலீஸ் ஏட்டில் பதிக்க வேண்டும். இரவில் காவல் நிலையத்திலோ ஊர்ச் சாவடியிலோ ஆஜராக வேண்டும். ஊரை விட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும். அதனை ராதாரிச் சீட்டு என்றனர். ஒரு கூட்டத்தைக் குற்றப் பரம்பரை என்று அரசாங்கம் அறிவித்தது சரியா என்று கேட்க நீதிமன்றத்துக்கே அதிகாரம் இல்லை என்று சட்டம் வாயை அடைத்தது. குறிப்பிட்ட குற்றங்களில் இரண்டாம் முறை தண்டனை பெற்றால் குறைந்தது ஏழாண்டுச் சிறை.

இச்சட்டம் மானத்தைப் பறித்தது என்று பலர் எழுதியிருக்கின்றனர், அது உண்மை. ஆனால் அது வயிற்றிலும் அடித்தது என்பதை விளங்கச் சொன்னவர்கள் குறைவு. மானாவாரி வெள்ளாமை செய்பவனின் ஆண்டை எண்ணிப் பாருங்கள். மழை பெய்தவுடன் ஈரம் காயுமுன் உழுது விதைக்க வேண்டும். ஒரு நாள் தவறினால் ஒரு போகம் தவறும். கதிர் முற்றியபின் இரவெல்லாம் காட்டிலும் களத்திலும் காவல் இருக்க வேண்டும். அவனைப் பார்த்துச் சட்டம், இரவில் சாவடிக்கு வா என்றது. தன் கதிரை யார் காப்பது? அறுவடை முடிந்து தை கழிந்தால் இங்கே வேலை இல்லை; வெளியூர் போய்த்தான் பிழைக்க வேண்டும். அப்போது சட்டம், சீட்டு இல்லாமல் போகாதே என்றது. சீட்டுக்காகக் கிராம அதிகாரியையும் போலீஸாரையும் அண்ட வேண்டும். வெறுங்கையோடு யாரை அண்ட முடியும்? சீட்டுடன் போனாலும், அதைக் கண்டவன் வேலை கொடுப்பானா? ஒரு முறை ஆஜர் ஆகத் தவறினால் அதுவே தனிக் குற்றம், அதற்குத் தண்டனை, தண்டனை பெற்றவன் என்ற பெயர் ஏட்டில் ஏறும். அந்த ஏட்டையே எடுத்துக் காட்டி, இக்கூட்டத்தில் குற்றவாளிகள் இத்தனை பேர் என்று மறு ஆண்டு அறிக்கை எழுதலாம். இவ்வாறு சட்டம், தான் தடுக்க வந்ததைத் தானே உண்டாக்கியது. பயிர்த்தொழிலை நாடிப் போகிறவனை அது பின்னுக்கு இழுத்தது.

எதிர்ப்பு எழாமல் இல்லை. 1920 ஏப்ரல் 3ஆம் நாள், உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தனர். போலீஸார் சுட்டதில் ஒரு பெண் உட்பட 16 பேர் மாண்டனர். மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப் இம்மக்களுக்காக வாதாடினார். மலையாள நாட்டிலிருந்து வந்த அந்தக் கிறிஸ்தவரை மக்கள் அன்போடு ரோசாப்பூ துரை என்று அழைத்தனர். அப்பநாட்டில், பசும்பொன்னைச் சேர்ந்த முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊராகச் சென்று ரேகை வைக்க மறுக்கும்படி பேசினார். 1934இல் அபிராமத்தில் சட்ட எதிர்ப்பு மாநாடு கூடியது. ஜீவானந்தம், இராமமூர்த்தி முதலிய பொதுவுடைமைத் தலைவர்களும் குரல் கொடுத்தனர். 1947இல், நாடு விடுதலை பெறும் தறுவாயில், சென்னை மாகாணத்தில் சட்டம் நீக்கப்பட்டது. இந்தியா முழுவதும் அது ஒழிந்தது 1952இல்.

சட்டத்தின் கை ஓங்கிய அதே காலத்தில் வேறு இரண்டு கைகளும் வேலை செய்தன. ஒன்று நீர். 1895இல் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மேற்கே அரபிக்கடலுக்குப் போன நீர் மலையைக் குடைந்து கிழக்கே வந்தது. மேலூர்ப் பக்கம் அந்த நீர் பாய்ந்தது. அங்கிருந்த கள்ளர்கள் நெல் வெள்ளாமையில் ஊன்றினர். உசிலம்பட்டிப் பக்கத்து மேட்டு நிலத்துக்கு அந்த நீர் ஏறவில்லை. ரேகைச் சட்டத்தின் முழு வேகத்தையும் தாங்கியது அந்தப் பக்கமே. உறவுமுறையிலும் வழக்கிலும் நெருங்கியவர்களிடையே வேற்றுமை உண்டாக்கியது ஒரு வாய்க்கால். நீர் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும் குலத்தில் களவு ஊறியிருக்கிறது என்று சொன்னவர்கள் இதற்கு என்ன விடை தருவார்கள்?

மற்றொரு கை பள்ளிக்கூடம். 1920ஐ ஒட்டி மதுரைச் சீமையில் கள்ளர் சீரமைப்பு என்ற பெயரில் பள்ளிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் தொடங்கப்பட்டன. ‘சீரமைப்பு’ என்ற சொல்லில் ஓர் இறுமாப்பு இருக்கிறது. சீர்கெட்டவன் நீ என்று சொல்லிக்கொண்டே எழுத்தறிவித்தார்கள். எனினும் எழுத்து எழுத்துத்தான். பெயரில் குறை கண்டாலும் அந்தப் பள்ளிகளின் பயனை மறுப்பவர் எவரும் இல்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக்கோ பெரியாற்று நீரும் வரவில்லை; மதுரைப் பக்கம் போல் அத்தனை பள்ளிகளும் வரவில்லை.

பவேரியாவை நினைக்கலாம் என்றேனே, அதற்கு இங்கே இடம். எல்லாக் குற்றத்துக்கும் வறுமையே வேர் என்று சொல்லிவிட்டால் பேச்சு எளிதாக முடிந்துவிடும். ஆனால் 1957 செப்டம்பரில் முதுகுளத்தூர்ப் பக்கம் மூண்டு பரவிய கலவரத்தை அப்படி விளக்க முடியாது. அம்மாதம் 11ஆம் நாள் பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். தாழ்த்தப்பட்ட மக்கள் சமமாக நிற்க வேண்டும் என்று வாதாடியவர் அவர். தொடர்ந்து கீழத்தூவலில் போலீஸார் துப்பாக்கியால் சுட்டனர், ஊர்கள் எரிந்தன, பலர் மாண்டனர். எரிந்த குடிசையில் இருந்தவனும் ஏழை, தீ வைத்தவனும் பெரும்பாலும் ஏழை. ஒரே வறட்சி இருவரையும் வாட்டியது. அவர்களைப் பிரித்தது சாதியின் மேலாண்மை. வறுமையை நீக்கும் திட்டத்தால் களவு குறையலாம். ஒருவனை ஒருவன் தாழ்த்தும் பழக்கம் அதனால் தானாக நீங்கிவிடாது.

ரேகைச் சட்டம் போன பிறகு என்ன வந்தது? 1948இல் சென்னை மாகாணத்தில் வழக்கக் குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குலத்தைப் பாராமல் தனி மனிதனின் தண்டனை வரலாற்றைப் பார்ப்பது என்பது அதன் கொள்கை. கொள்கையளவில் இது பெரிய முன்னேற்றம். ஆனால் பழைய ஏட்டைப் பார்த்தே புதிய ஏடு எழுதப்படுமானால் முன்னேற்றம் பாதியில் நின்றுவிடும். நாட்டின் பல மாநிலங்களில் சிறை விதிகள் அண்மைக்காலம் வரை சாதியைப் பார்த்து வேலை பிரித்தன. பழைய குற்றப் பரம்பரைப் பட்டியலில் இருந்தவர்களை வழக்கக் குற்றவாளிகளாகக் குறிக்கும் வாசகங்களும் அவற்றில் இருந்தன. 2024 அக்டோபர் 3ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தகைய விதிகளைச் செல்லாதவை என்று அறிவித்தது. 1952க்கும் 2024க்கும் இடையே எழுபத்திரண்டு ஆண்டுகள்! சட்டத்தை நீக்கக் கையெழுத்து ஒன்று போதும். அச்சடித்த விதிப் புத்தகங்களிலிருந்து அதன் நிழலை நீக்கத் தனி வழக்கு வேண்டியிருந்தது.

அந்த மக்கள் இன்று சீர்மரபினர் எனப்படுகின்றனர். 1979இல் தமிழ்நாட்டு அரசு ‘பழங்குடியினர்’ என்ற சொல்லை மாற்றிச் ‘சமூகத்தினர்’ என்றாக்கியது. நெடுங்காலப் போராட்டத்துக்குப் பின் 2019இல், மத்திய அரசின் நலத்திட்டங்களுக்காகப் பழைய சொல்லும் திரும்ப வழங்கப்பட்டது. ஒரே மாணவன் மாநிலக் கல்லூரிக்கு ஒரு பெயரும், மத்திய அரசு உதவிக்கு மற்றொரு பெயரும் உடைய சான்றிதழைத் தேடி வட்டாட்சியர் அலுவலகம் நடந்தான். ரேகைச் சட்டத்தில் பதிவு செய்யப்பட்டது அவன் பாட்டனுக்கு எளிதாக நடந்தது. சான்றிதழ் பெறுவது பேரனுக்கு அவ்வளவு எளிதாக இல்லை.

சமூக நலக் கொள்கை வறுமையைத் தொட்டதற்குச் சான்று வேண்டுமானால், பஞ்சத்தையும் வறட்சியையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். விருதுநகரில் பிறந்த காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கியது, 1982இல் எம். ஜி. இராமச்சந்திரன் அதனைச் சத்துணவாக விரித்தார். 2022இல் காலை உணவும் சேர்ந்தது. நியாய விலைக் கடை ஊர்தோறும் வந்தது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நூறு நாள் வேலை வந்தது. கண்மாய் தூர்வாரும் இடத்தில் பெண்களின் கைக்கு நேரே கூலி போயிற்று. 2016இல் வடகிழக்குப் பருவமழை அறுபது விழுக்காட்டுக்கு மேல் பொய்த்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சிப் பகுதிகள் என்று அறிவிக்கப்பட்டன. பயிர் கருகியது கண்டு விவசாயிகள் சிலர் உயிர்விட்டனர். கடன் சுமை அத்தகையது. ஆயினும் 1876இல் போல மக்கள் சாலையோரங்களில் பட்டினியால் மடியவில்லை. 1918இல் போலத் தானியக் கடைகள் உடைபடவில்லை. மழைக்கும் களவுக்கும் நடுவே ஓர் அரிசி மூட்டை வந்து நின்றுவிட்டது. சரித்திரத்தில் இது சிறிய செய்தி அன்று.

அரிசி கிடைத்தால் போதுமா? போதாது என்பதற்கும் திருச்சுழி, நரிக்குடிப் பக்கமே சான்று. தரிசாகக் கிடக்கும் புஞ்சைகளில் சீமைக்கருவேலம் மண்டியிருக்கிறது. அதை வெட்டிக் கரிமூட்டம் போடுவதே பல குடும்பங்களின் தொழில். நிலத்தடி நீரை அம்மரம் உறிஞ்சுகிறது என்று 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்ற ஆணையிட்டபோது, மரம் போனால் எதை எரித்துப் பிழைப்பது என்று கரிமூட்டக்காரர் கலங்கினர். 2018இல் மத்திய அரசு வளர்ச்சியை நாடும் மாவட்டங்கள் என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. தமிழ்நாட்டில் அதில் இடம்பெற்றவை இராமநாதபுரமும் விருதுநகரும். 1985இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தும் வறட்சி இவ்விரு பக்கமும் உடன் போயிருக்கிறது.

2021 பிப்ரவரியில் காவிரி, வைகை, குண்டாறு இணைப்புக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மாயனூர்க் கதவணையிலிருந்து காவிரியின் வெள்ளநீரைத் தெற்கே கொண்டுவருவது நோக்கம். மூன்று பகுதிகளாக வகுக்கப்பட்ட அத்திட்டத்தில் குண்டாறு கடைசிப் பகுதி. கடைமடையில் இருப்பவன் காத்திருக்கும் விதம் இந்தச் சீமைக்குப் பழகிய ஒன்று. இப்போதைக்கு ஐப்பசி மழையே துணை. வரத்துக்கால்கள் அடைபடாமல் இருக்குமானால் அந்த மழையில் ஒரு பங்காவது கண்மாய்க்கு வந்து சேரும்.